மூட்டையின் எடையும் சத்தின் எடையும்

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு இரசாயனப் பாடம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. திண்டிவனம் வட்டாரத்தில் ஒன்றும் விழுப்புரம் வட்டாரத்தில் ஒன்றுமாக நாம் ஆய்வுக்குச் சென்ற இரு சங்கங்களில் இரண்டு வழக்குகள் நம் முன் வந்தன. முதலாவதில், உர மூட்டையில் தாங்கள் ஏமாற்றப்பட்டதாக விவசாய அங்கத்தினர்கள் முறையிட்டனர். இரண்டாவதில், நெசவாளர் சங்கமொன்றின் சாயப்பட்டறைக் கிடங்கில் 190 கிலோ சரக்கு குறைகிறது என்று கிடங்குப் பொறுப்பாளர்மீது பழி விழுந்திருந்தது. இவ்விரண்டையும் தீர்த்து வைத்தது ஒரே கணக்குத்தான். நம் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் போடுகிற கணக்கு அது. கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும் அறிந்தவர் எவரும் அதனைப் போடலாம்.

மாறாத விகிதம்

ஒரு புடவையில் பாவு இவ்வளவு, ஊடை இவ்வளவு என்பது நெய்பவரின் எண்ணத்தையும் வாங்குவோரின் விருப்பத்தையும் பொறுத்தது. சிறுவந்தாட்டில் நெய்யும் பட்டுப் புடவையில் சரிகையைக் கூட்டலாம், குறைக்கலாம். எப்படியும் அது புடவையே. இரசாயனக் கூட்டுப் பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை. அதனுள் அடங்கிய தனிமங்கள் எடையில் ஒரு குறிப்பிட்ட விகிதத்திலேதான் சேரும். விகிதம் மாறினால் பொருளே வேறாகிவிடும். புரூஸ்ட் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் ஸ்பெயின் நாட்டிலிருந்தபோது, பூமியில் கிடைத்த செம்புக் கார்பனேட்டையும், தாமே ஆய்வுச்சாலையில் செய்த செம்புக் கார்பனேட்டையும் பகுத்து நிறுத்து, இரண்டிலும் விகிதம் ஒன்றே என்று 1799-இல் காட்டினார். நம் பக்கத்து நெய்வேலியில் 1966-இல் யூரியா உற்பத்தி தொடங்கிற்று. அந்த உர ஆலை இன்று இயங்குவதில்லை. பழுப்பு நிலக்கரியைக் கொண்டு அங்கே செய்த யூரியாவும், இன்று கப்பலேறி வரும் யூரியாவும் விகிதத்தில் ஒன்றே.

இவ்விகிதத்தைக் காண நமக்கு வேண்டியது அணு எடைப் பட்டியல். ஓர் அணுவைத் தனியே எடுத்து நம் தராசில் நிறுக்க இயலாது. ஆயினும் ஓர் அணு மற்றோர் அணுவைப்போல் எத்தனை மடங்கு கனமுடையது என்று அறியலாம். இவ்வழியைத் தொடங்கி வைத்தவர் இங்கிலாந்தின் டால்டன். அவருடைய நூல் 1808-இல் வெளிவந்தது. நம் கணக்குக்கு வேண்டிய எண்களை முழு எண்ணாக்கிச் சொல்கிறோம். ஹைட்ரஜன் 1, கரி 12, நைட்ரஜன் 14, ஆக்ஸிஜன் எனப்படும் பிராணவாயு 16, சோடியம் 23, பாஸ்பரஸ் 31, கந்தகம் 32, பொட்டாசியம் 39, கால்சியம் 40. குளோரின் மட்டும் அரையுடன் 35.5. இவற்றை ஒரு தாளில் எழுதிச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்தால் தகும்.

யூரியாவுக்கு மாற்று

யூரியாவின் ஒரு மூலக்கூறில் கரி அணு 1, ஆக்ஸிஜன் அணு 1, நைட்ரஜன் அணு 2, ஹைட்ரஜன் அணு 4 உள்ளன. எடையைக் கூட்டுவோம்: கரி 12, ஆக்ஸிஜன் 16, நைட்ரஜன் இரண்டு பதினான்கு 28, ஹைட்ரஜன் 4. ஆக மொத்தம் 60. இந்த 60-இல் தழைச்சத்தாகிய நைட்ரஜன் 28. அதாவது நூற்றுக்கு 46.67. மூட்டையில் 46 என்று அச்சிட்டிருப்பதன் பொருள் இதுவே; சிறிது ஈரமும் பிற பொருளும் இருப்பதற்கு இடம் விட்டு அந்த எண்ணை வைத்திருக்கிறார்கள். எந்த ஆலையும் 50 சதவீத நைட்ரஜனுள்ள யூரியாவைச் செய்ய முடியாது. அப்படி ஒருவர் விற்க வந்தால் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

2018 முதல் யூரியா மூட்டை 50 கிலோவன்று, 45 கிலோ. அதில் நூற்றுக்கு 46 வீதம் நைட்ரஜன் 20.7 கிலோ.

இனி அம்மோனியம் சல்பேட்டைப் பார்ப்போம். அதில் நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 8, கந்தகம் 1, ஆக்ஸிஜன் 4. எடை 28, 8, 32, 64, மொத்தம் 132. 132-இல் 28 என்றால் நூற்றுக்கு 21.2. விற்பனைச் சரக்கில் ஏறக்குறைய 20.5 என்று கொள்ளலாம். 50 கிலோ மூட்டைக்கு நைட்ரஜன் 10¼ கிலோ. ஆகவே ஒரு மூட்டை யூரியாவுக்கு இரண்டு மூட்டை அம்மோனியம் சல்பேட்டு ஈடாகும்.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட சங்கத்தில் நடந்தது இதுதான். சம்பா நடவு முடிந்து மேலுரம் இடவேண்டிய தருணத்தில் யூரியா வந்து சேரவில்லை. கையிருப்பில் இருந்த அம்மோனியம் சல்பேட்டை, யூரியா கேட்டவர்களுக்கு மூட்டைக்கு மூட்டை என்று வழங்கிவிட்டார்கள். வழங்கியவர்களிடம் வஞ்சகம் இல்லை. அங்கத்தினர் வெறுங்கையோடு திரும்பக்கூடாதென்ற எண்ணமே இருந்தது. ஆனால் பயிருக்குச் சேரவேண்டிய தழைச்சத்தில் பாதிதான் சேர்ந்தது. பயிர் வெளிறியது. போலி உரம் விற்றார்கள் என்று புகார் எழுந்தது. மூட்டையில் அச்சிட்ட எண்ணையும் பட்டுவாடாப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது உரத்தின்மீது குற்றமில்லை, மாற்றுக் கணக்கே பிழை என்பது தெரிந்தது. அன்று விற்பனையாளர் எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்றைப் போட்டிருந்தால் போதும்.

விலையை ஒப்பிடுவதும் இவ்வாறே. யூரியா மூட்டை வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் வரியும் சேர்த்து 266 ரூபாய் 50 காசு என்றால், ஒரு கிலோ நைட்ரஜன் 13 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அம்மோனியம் சல்பேட்டு மூட்டை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ நைட்ரஜன் 97 ரூபாய்க்கு மேல். இவ்வளவு வேற்றுமைக்குக் காரணம் யூரியாவுக்கு அரசு தரும் பெரிய மானியம். ஆனால் அம்மோனியம் சல்பேட்டில் 132-க்கு 32 பங்கு, அதாவது நூற்றுக்கு 24 பங்கு, கந்தகம் இருப்பதையும் மறத்தலாகாது. கந்தகம் வேண்டும் எண்ணெய் வித்துப் பயிருக்கு அதனையும் ஒரு வரவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

மணிச்சத்தும் சாம்பல் சத்தும்

இங்கே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. டி.ஏ.பி. மூட்டையில் 18-46 என்று போட்டிருக்கும். 46 என்பது பாஸ்பரஸின் எடை என்று பலர் எண்ணுகின்றனர். அன்று. அது, 2 பாஸ்பரஸ் அணுக்களும் 5 ஆக்ஸிஜன் அணுக்களும் சேர்ந்த ஆக்ஸைடாக மாற்றிச் சொன்ன எண். அந்த ஆக்ஸைடில் பாஸ்பரஸ் 62, ஆக்ஸிஜன் 80, மொத்தம் 142. ஆக, பாஸ்பரஸ் நூற்றுக்கு 43.7 மட்டுமே. 50 கிலோ மூட்டையில் ஆக்ஸைடு கணக்கில் 23 கிலோ. உண்மையான பாஸ்பரஸ் ஏறக்குறைய 10 கிலோ.

பொட்டாஷ் மூட்டையில் இது இன்னும் வேடிக்கை. அதன் சரக்கு பொட்டாசியம் குளோரைடு. பொட்டாசியம் 39, குளோரின் 35.5, மொத்தம் 74.5. அதில் ஆக்ஸிஜன் அணு ஒன்றுகூடக் கிடையாது. ஆயினும் மூட்டையில் 60 சதவீதம் என்று எழுதுவது பொட்டாசியம் ஆக்ஸைடு கணக்கில். பழங்காலத்து இரசாயனப் பகுப்பாளர்கள் கிடைத்ததை ஆக்ஸைடாகக் கணக்கிட்டுக் காட்டிய வழக்கம், சூப்பர் பாஸ்பேட்டு 1906-இல் நம் ராணிப்பேட்டையில் செய்யத் தொடங்கியதற்கும் முன்பிருந்தே வழங்கி வருகிறது. உர வியாபாரமும் சட்டமும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டன. மண் பரிசோதனைச் சீட்டில் தரும் பரிந்துரையும் அதே கணக்கில் இருப்பதால் அங்கத்தினர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. சீட்டில் 23 என்றால் மூட்டையிலும் அதே 23-ஐத் தேடலாம். ஒன்றைத் தனிமக் கணக்கிலும் மற்றதை ஆக்ஸைடு கணக்கிலும் கலந்து பார்ப்பவருக்கே இடர் நேரும்.

மணிலாவுக்கு ஜிப்சம்

திண்டிவனம் என்றதும் மணிலாக்கொட்டை நினைவுக்கு வரும். இங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்னும் இரகம் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும்கூடப் பரவிற்று, டி.எம்.வி. என்னும் எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. மணிலா பூத்து, ஊசி மண்ணில் இறங்கி, காய் பிடிக்கும்போது, காய் தனக்கு வேண்டிய கால்சியத்தை வேர் வழியாக எதிர்பாராமல் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரே எடுத்துக்கொள்கிறது. அங்கே கால்சியம் இல்லையேல் பொக்கு விழும். இறவைப் பயிருக்கு 40, 45-ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தைச் செடியோரம் இட்டு மண் அணைக்கச் சொல்வது இதனால்தான்.

ஜிப்சத்தில் கால்சியம் 40, கந்தகம் 32, ஆக்ஸிஜன் நான்குக்கு 64. இவற்றோடு இரண்டு மூலக்கூறு நீரும் சேர்ந்தே படிகமாயிருக்கிறது. ஒரு மூலக்கூறு நீர் 18, இரண்டுக்கு 36. மொத்தம் 172. கால்சியம் நூற்றுக்கு 23.3, கந்தகம் 18.6, நீர் 20.9. தூய சரக்கானால் 160 கிலோவில் கால்சியம் 37 கிலோ, கந்தகம் ஏறக்குறைய 30 கிலோ. தூய்மை 70 சதவீதமே உள்ள சரக்கானால் இவை 26, 21 என்று குறையும். மலிவு ஜிப்சம் வாங்கும் சங்கங்கள் லாரிச் சத்தத்தோடு தூய்மைச் சான்றையும் கேட்டுப் பெறுவது அவசியம்.

நூற்றுக்கு 21 பங்கு நீர் என்றதும் அங்கத்தினர் ஒருவர், “தொட்டால் காய்ந்திருக்கிறதே, ஐயா! நீர் எங்கே?” என்று நம்மைக் கேட்டார். நல்ல கேள்வி. அந்நீர் துணியில் உள்ள ஈரம்போல மேலே ஒட்டியிருப்பதன்று. படிகத்தின் கட்டுமானத்திலேயே அளவாகப் பிணைந்திருப்பது. அதனைப் படிக நீர் என்பர். அடுத்த வழக்குக்குத் திறவுகோல் அதுவே.

காணாமற்போன 190 கிலோ

கைத்தறித் துறை நண்பர் ஒருவருடன் விழுப்புரம் வட்டாரத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் இருப்புச் சரிபார்ப்புக்குப் பங்குனி மாதத்தில் சென்றிருந்தோம். சாயப்பட்டறைக்கென்று மார்கழியில் 500 கிலோ சலவைச் சோடாவைப் படிகமாக வாங்கியிருந்தார்கள். பட்டறை பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டதால், கிடங்கிலிருந்து ஒரு கிலோவும் வழங்கப்பட்டதாகப் பதிவில்லை. நிறுத்துப் பார்த்தால் 310 கிலோதான் இருந்தது. கிடங்குப் பொறுப்பாளர் முப்பது ஆண்டு தறியில் அமர்ந்து, கண் மங்கிய பின் இப்பணிக்கு வந்தவர். “ஐயா, ஒரு பிடிகூட வெளியே போகவில்லை; சாவி என் மடியிலேயே இருக்கிறது” என்பதைத் தவிர அவரிடம் சொல்வதற்கு வேறொன்றுமில்லை. நிர்வாகக் குழுவினரில் இருவர் 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் 87-ஆம் பிரிவுப்படி தண்டத் தீர்வை விதிக்கவேண்டுமென்று பேசத் தொடங்கிவிட்டனர்.

சாக்கை அவிழ்த்தோம். மேற்பகுதி வெண்மாவாக உதிர்ந்திருந்தது. அடியில் கட்டிகள் இருந்தன. வாங்கியபோது கற்கண்டுபோல் தெளிவாக இருந்ததாக எல்லோரும் ஒப்புக்கொண்டனர்.

சலவைச் சோடாப் படிகத்தின் கணக்கு இது. சோடியம் 2-க்கு 46, கரி 12, ஆக்ஸிஜன் 3-க்கு 48. ஆக உலர்ந்த சோடா 106. இதனோடு பத்து மூலக்கூறு படிக நீர், 180. மொத்தம் 286. வாங்கிய 500 கிலோவில் உண்மைச் சோடா, 500-ஐ 106-ஆல் பெருக்கி 286-ஆல் வகுக்க, 185 கிலோ. மீதி 315 கிலோ நீர்! ஜிப்சம் தன் நீரை எளிதில் விடாது. சலவைச் சோடா அப்படியன்று; காய்ந்த காற்றுப் பட்டாலே நீரை விட்டு மாவாக உதிரும். தகரக் கூரையின் கீழ், வாய் திறந்த சாக்கில், மூன்று மாதம் அது கிடந்திருக்கிறது.

ஆனால் இப்படி நேர்ந்திருக்கலாம் என்பது சாட்சியாகாது. நீர் போயிற்றா, சோடா போயிற்றா என்று காட்டவேண்டும். நாம் இவ்வாறு எண்ணினோம். சோடா ஒரு கிலோவும் வெளியே போகவில்லையானால், இப்போதுள்ள 310 கிலோவுக்குள் அந்த 185 கிலோ முழுதும் இருக்கவேண்டும். அதாவது 100 கிராம் மாதிரியை நீர் அறக் காய்ச்சினால் 60 கிராம் மிஞ்சவேண்டும். படிகமாக இருந்தபோதே யாரோ 190 கிலோவை அள்ளிச் சென்றிருந்து, மீதி கெடாமல் இருந்தால் 37 கிராமே மிஞ்சும். அள்ளியதும் உலர்ந்ததும் இரண்டும் நடந்திருந்தாலோ, மிஞ்சும் விகிதத்தை 310-ஆல் பெருக்கும்போது 185 வராது, குறையும்.

எல்லாச் சாக்கிலும் மேல், நடு, அடி என மூன்றிடத்திலும் எடுத்து, இடித்துக் கலந்தோம். மேல்மாவை மட்டும் எடுத்திருந்தால் பொறுப்பாளருக்குச் சாதகமாகவும், அடிக்கட்டியை மட்டும் எடுத்திருந்தால் பாதகமாகவும் முடிந்திருக்கும். கடைத்தெருவிலிருந்து பொற்கொல்லர் ஒருவரின் தராசை வாங்கி வந்தோம். 100 கிராமை நிறுத்து எவர்சில்வர் வாணலியில் இட்டு அடுப்பிலேற்ற, அது முதலில் தன் நீரிலேயே உருகிக் குழம்பாகி, பின் கொதித்து, இறுதியில் வறண்டு வெள்ளைப் பொடியாயிற்று. ஆறவைத்து நிறுப்பது, மறுபடி காய்ச்சி நிறுப்பது. எடை இருமுறை ஒன்றாக வரும்வரை இவ்வாறு செய்தோம். (கண்ணில் தெறித்தால் கெடுதல், அருகில் குனிந்து பார்க்கக்கூடாது.) முதல் மாதிரி 61 கிராம் தந்தது. இரண்டாவது 59½. எஞ்சிய பொடியில் எலுமிச்சஞ்சாறு விட, நுரைத்துப் பொங்கிற்று; வெறும் உப்பைக் கலந்து வைத்திருந்தால் இப்படிப் பொங்காது.

61 வீதம் 310 கிலோவுக்கு 189. 59½ வீதம் 184½. நாம் தேடிய 185 இவற்றினிடையே இருந்தது. சோடா குறையவில்லை, படிக நீரே நீங்கியது, தண்டத் தீர்வைக்கு இடமில்லை என்று நண்பர் அறிக்கை எழுதினார். முதலில் குற்றம் சாட்டிய குழு உறுப்பினரே அந்தக் கணக்கை இரண்டு முறை தம் கையால் போட்டுப் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டார். பொறுப்பாளர் ஒன்றும் பேசவில்லை; வாணலியை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

இதற்குப் பின் இரண்டு காரியங்கள் செய்யவேண்டியிருந்தன. ஒன்று, சாயமிடுபவருக்கு எச்சரிக்கை. சரக்கின் வீரியம் இப்போது கூடியிருக்கிறது. முன்பு 100 கிலோ படிகம் போட்ட இடத்தில் இனி 62 கிலோ போதும். பழைய அளவையே போட்டால் நூல் கெடும். மற்றது, மீதியை மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் மாற்றி, இருப்புப் பதிவேட்டில் உலர்ந்த சோடா 185 கிலோ என்று தனிக் கலம் வைத்து எழுதுவது.

இவ்வளவு தொல்லைக்கும் வேர் கொள்முதலில் இருந்தது. விலைப்புள்ளி கேட்டபோது ஒருவர் படிகத்துக்கும், மற்றொருவர் சோடா ஆஷ் எனப்படும் நீரற்ற சோடாவுக்கும் விலை கொடுத்திருக்கிறார்கள். குறைந்த விலை எதுவோ அதனை ஏற்பதென்று குழு தீர்மானித்தது; விதிப்படி அது சரியே. எளிமைக்காகப் படிகம் கிலோ 20 ரூபாய், சோடா ஆஷ் 40 ரூபாய் என்று கொள்வோம். படிகத்தில் சோடா நூற்றுக்கு 37 ஆனதால் ஒரு கிலோ உண்மைச் சோடா 54 ரூபாய் ஆகிறது. சோடா ஆஷில் 98 பங்கு சோடா என்றால் 41 ரூபாய்க்குள் முடிகிறது. மலிவென்று வாங்கியது கிலோவுக்கு 13 ரூபாய் கூடுதல். வண்டிச் சத்தமும் நீருக்கே கொடுத்தோம். சாய உப்புகளுள் கிளாபர் உப்புக்கும் இதே நிலை உண்டு; படிகத்தில் 322-க்கு 142 மட்டுமே சோடியம் சல்பேட்டு, மீதி 180 நீர். ஆகையால் விலைப்புள்ளிக் கடிதத்திலேயே, படிகமா நீரற்றதா, நூற்றுக்கு எத்தனை பங்கு தூய்மை என்ற இரண்டையும் எழுதும்படி கேட்டு, தூய பொருளின் ஒரு கிலோ விலையை ஒப்பீட்டுப் பட்டியலில் ஒரு கலமாகச் சேர்க்கவேண்டும். நாம் இனி ஆய்வுக்கு வரும்போது அந்தக் கலத்தைத் தேடுவோம்.

பயிற்சிக்கு ஒரு கணக்கு. பூஞ்சண நோய்க்குப் போர்டோ கலவை தயாரிக்க வாங்கும் மயில்துத்தத்தில் செம்பு 1, கந்தகம் 1, ஆக்ஸிஜன் 4, அதனோடு 5 மூலக்கூறு படிக நீர். செம்பின் அணு எடை 63.5. நூறு கிலோ மயில்துத்தத்தில் செம்பு எத்தனை கிலோ? வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு அமர்ந்து போட்டுப் பாருங்கள். விடை 25½ கிலோவுக்குச் சற்றே குறைவாக வரவேண்டும். 40-க்கு அருகில் வந்தால் நீரைக் கூட்ட மறந்துவிட்டீர்கள்.